பலெர்மோவில் மூன்று இரவுகள்: திட்டமிட ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் முறை இத்தாலியின் சிசிலித் தீவுத் தலைநகரான பலெர்மோ போனபோது, மதியம் ஒன்றேகால் மணிக்கு ஒரு தேவாலயத்தின் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். ஜூலை மாத வெயில். அம்மா படியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். என் கையில் அன்றைக்குப் பார்க்க வேண்டிய பதினோரு இடங்களின் பட்டியல். மூன்றுதான் முடிந்திருந்தது. எதிரே ஒரு கடைக்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டே எங்களைப் பார்த்து நான்கு விரல்களைக் காட்டினார். நான்கு மணிக்கு வா என்று அர்த்தம்.

இரண்டாவது முறை அக்டோபரில் போனோம். அந்தத் தடவை இடங்களின் பட்டியலை வைத்துத் திட்டம் போடவில்லை. ஊர் எப்போது விழிக்கிறது, எப்போது கதவைச் சாத்துகிறது, எப்போது மறுபடி தெருவுக்கு வருகிறது என்று பார்த்து, அதற்குள் இடங்களைப் பொருத்தினோம். பார்த்தது குறைவு, மனதில் நின்றது அதிகம். அந்தத் திட்டத்தைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: எத்தனை நாள், எந்த மாதம்

மூன்று இரவு தங்குங்கள். இரண்டு இரவு என்றால் அரண்மனையும் சந்தையும் பார்ப்பதற்குள் கிளம்ப வேண்டியிருக்கும். நான்கு கிடைத்தால் ரயிலில் ஒரு மணி நேரம் போய்க் கடலோரச் சிற்றூரான செஃபலூவையும் பார்த்துவிடலாம்.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை ஒரு நல்ல காலம், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை இன்னொன்று. அக்டோபரில் கடல் இன்னும் குளிக்கும்படி இருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் ஆப்பிரிக்கப் பக்கமிருந்து ஷிரோக்கோ என்ற வெப்பக்காற்று வீசும் நாள்கள் உண்டு. சென்னை வெயில் பழகியவர்களுக்கும் அது வேறு மாதிரி சோதனைதான். ஆகஸ்ட் 15 இத்தாலி முழுவதற்கும் பெரிய விடுமுறை. அதை ஒட்டிய வாரத்தில் ஊர்க்காரர்கள் கடற்கரைக்குப் போய்விடுவார்கள், குடும்பமாக நடத்தும் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் பல மூடியிருக்கும்.

ஜூலையில்தான் போக முடியும் என்றால், 14ஆம் தேதியை உள்ளே வையுங்கள். அன்றிரவு ஊரின் காவல் புனிதை ரொசாலியாவின் திருவிழா. பேராலயத்திலிருந்து கடல் வரை பெரிய தேர் ஒன்று நகர்ந்து வரும், முடிவில் வாணவேடிக்கை. தேர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கூட்டமும் அந்தக் காத்திருப்பும் புதிதாகவே தெரியாது.

படி 2: விசா, போய்ச் சேரும் வழி

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) தேவை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். கோடைக்காலப் பயணம் என்றால் மூன்று மாதம் முன்பே நேர்முகத் தேதியைப் பிடித்துவிடுங்கள். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற ஷெங்கன் நாட்டில் வதிவிட அனுமதி வைத்திருப்பவர்களுக்குத் தனி விசா வேண்டாம். கடவுச்சீட்டையும் அனுமதி அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு எளிய வழி, வளைகுடா நகரம் ஒன்றில் மாறி ரோமுக்கோ மிலானுக்கோ வந்து, அங்கிருந்து உள்நாட்டு விமானம் பிடிப்பது. ரோமிலிருந்து ஒரு மணி நேரம்தான்.

நேரம் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ரோமில் இரவு ரயில் ஏறினால் அதே ரயில் உங்களைப் பலெர்மோவில் இறக்கும். நடுவில் கடல் இருக்கிறதே என்றால், தீபகற்பத்தின் நுனியில் வில்லா சான் ஜொவான்னி என்ற இடத்தில் பெட்டிகளைப் பிரித்து, கப்பலின் வயிற்றுக்குள் போட்டிருக்கும் தண்டவாளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். விடியற்காலையில் இரும்போடு இரும்பு உரசும் சத்தத்தில் கண் விழித்து, பெட்டியிலிருந்து இறங்கி, மேல்தளத்துக்குப் போனால் மெஸ்ஸினா நீரிணையின் மேல் வெளிச்சம் பரவிக்கொண்டிருக்கும். மொத்தம் சுமார் 12 மணி நேரம். விமானத்தில் வந்தால் ஒரு தீவுக்கு வருகிறோம் என்பதே உறைக்காது.

விமான நிலையம் ஊரிலிருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டர். அங்கிருந்து மத்திய ரயில் நிலையத்துக்கு ரயிலும் உண்டு, பேருந்தும் உண்டு. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பேருந்து பொலித்தெயாமா சதுக்கத்திலும் நிற்பதால் நகரின் வடபகுதியில் தங்குபவர்களுக்கு அது வசதி. டாக்சி என்றால் ஏறும் முன்பே தொகையைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கார் வாடகைக்கு எடுக்காதீர்கள். பழைய நகரத்துக்குள் வாகனக் கட்டுப்பாட்டு வலயம் இருக்கிறது. கேமரா படம் பிடித்துவிடும், அபராதம் பல மாதம் கழித்து வீடு தேடி வரும். தவிர, நீங்கள் பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி நடக்கும் தூரத்திலேயே இருக்கிறது.

படி 3: எங்கே தங்குவது

பழைய நகரத்தை இரண்டு தெருக்கள் குறுக்காக வெட்டி நான்கு துண்டாக்குகின்றன. ஒன்று அரண்மனையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் தெரு. பலகையில் கோர்சோ வித்தோரியோ எமனுவேலே என்று இருக்கும், ஊர்க்காரர்கள் இன்னமும் காஸ்ஸரோ என்கிறார்கள். கோட்டை என்ற பொருளுள்ள கஸ்ர் என்ற அரபுச் சொல் தேய்ந்து அப்படி ஆனது. மற்றொன்று வியா மக்கேதா. இரண்டும் சந்திக்கும் நாற்சந்திதான் குவாத்ரோ கான்தி. இதை மனதில் வாங்கிக்கொண்டால் பலெர்மோவில் தொலைந்துபோக மாட்டீர்கள்.

கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்சா பகுதி என் முதல் தேர்வு. இரவில் அமைதி, காலையில் கடல் காற்று. வியா மக்கேதாவின் வடமுனையில், மாஸ்ஸிமோ ஓபரா அரங்கை ஒட்டித் தங்குவதும் நல்லது. வயதானவர்களோடு போனால் அதுதான் சரி, ஏனென்றால் நடைபாதைத் தெரு வாசலிலேயே இருக்கும். வுச்சிரியா சந்தைப் பகுதியில் அறை மலிவாகக் கிடைக்கும், ஆனால் இரவு இரண்டு மணி வரை பாட்டும் கூச்சலும். குழந்தைகளோடு அங்கே வேண்டாம்.

முன்பதிவு செய்யும் முன் லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். பழைய மாளிகைகளைப் பிரித்து விடுதியாக்கியிருக்கிறார்கள். மூன்றாம் மாடி என்றால் உயரமான கூரைகளால் நம் ஊர் ஐந்தாம் மாடி அளவுக்கு ஏற வேண்டிவரும். அறைக்குப் போனதும் கடவுச்சீட்டு கேட்பார்கள், பயப்பட வேண்டாம். தங்குபவர்களின் விவரத்தைக் காவல்துறைக்குப் பதிவு செய்வது அங்கே சட்டம். ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று சிறிய நகர வரியும் அங்கேயே வாங்குவார்கள்.

படி 4: ஊரின் கடிகாரம்

இந்தப் படியைத் தவறவிட்டதால்தான் அன்று அம்மா படியில் உட்கார வேண்டியிருந்தது.

காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை தேவாலயங்கள், அரண்மனை, சந்தை. ஒன்றிலிருந்து நான்கு வரை பல தேவாலயங்களும் சிறு கடைகளும் மூடும். அந்த நேரத்தில் நிதானமாகச் சாப்பிட்டு, அறைக்குப் போய்ப் படுத்துவிடுங்கள். நான்கு முதல் ஏழு வரை இரண்டாம் சுற்று. ஏழுக்கு மேல் ஊரே குடும்பத்தோடு தெருவில் நடக்கும். இரவுச் சாப்பாடு எட்டரைக்கு முன்னால் கிடையாது. ஏழு மணிக்கு உணவகக் கதவைத் தட்டினால் சமையல்காரர் அப்போதுதான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார்.

ஞாயிறு காலை வழிபாட்டு நேரம், அப்போது அரண்மனைச் சிற்றாலயத்திலும் பார்வையாளர் நேரம் சுருங்கிவிடும். திங்களன்று அருங்காட்சியகங்கள் பல மூடியிருக்கும். இன்னொன்று: அரண்மனைக் கட்டடத்தில்தான் சிசிலியின் சட்டமன்றம் கூடுகிறது. அது நடக்கும் வார நடு நாள்களில் அரச அறைகளைக் காட்ட மாட்டார்கள். ஆகையால் வியாழன் பிற்பகல் வந்து ஞாயிறு கிளம்புவது மிகப் பொருத்தம். தோள், முழங்கால் மூடிய உடை அணிந்தால் எங்கேயும் தடை இருக்காது.

படி 5: முதல் மாலை, நாற்சந்தியும் மடத்து இனிப்பும்

வந்த அன்று எதற்கும் டிக்கெட் வாங்க வேண்டாம். பெட்டியை வைத்துவிட்டுக் குவாத்ரோ கான்திக்கு நடந்து போங்கள். 1600களின் தொடக்கத்தில் கட்டிய நான்கு வளைந்த முகப்புகள். ஒவ்வொன்றிலும் கீழே ஒரு பருவகாலம், நடுவில் ஒரு ஸ்பானிய அரசர், மேலே ஒரு புனிதை. பகலில் எந்த நேரம் போனாலும் ஏதோ ஒரு முகப்பில் வெயில் விழுந்திருக்கும் என்பதால் இதற்குச் சூரிய அரங்கம் என்றும் பெயர்.

சில அடி தள்ளிப் பிரெத்தோரியா நீரூற்று. ஃபிளாரன்ஸில் ஒரு தோட்டத்துக்காகச் செய்த சிலைக்கூட்டத்தை 1570களில் பலெர்மோ விலைக்கு வாங்கி, துண்டுதுண்டாகக் கப்பலில் கொண்டுவந்து பொருத்தியது. நிர்வாணச் சிலைகளைப் பார்த்த ஊரார் அதற்கு வெட்கச் சதுக்கம் என்று பெயர் வைத்தார்கள். எதிரிலேயே புனித கத்தரீனா மடம். உள்ளே பழைய மடத்துச் சமையலறையில் கன்னியாஸ்திரிகள் செய்துவந்த இனிப்புகளை அதே முறையில் செய்து விற்கிறார்கள். பொரித்த மாவு ஓட்டுக்குள் இனிப்பு நிரப்பிய கன்னோலி ஒன்றை வாங்கிக்கொண்டு, ஆரஞ்சு மரங்கள் இருக்கும் முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். கன்னோலி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் கேட்ட பிறகுதான் ரிக்கோட்டா என்ற மென்மையான பாலாடைக்கட்டியை உள்ளே நிரப்ப வேண்டும். முன்பே நிரப்பி அடுக்கி வைத்திருந்தால் ஓடு நமத்துப்போயிருக்கும்.

படி 6: இரண்டாம் நாள், அரண்மனை

காலை திறக்கும் நேரத்துக்கே நார்மன் அரண்மனை வாசலில் இருங்கள். பத்து மணிக்கு மேல் குழுக்கள் வந்துவிடும்.

பார்ப்பதற்கு முன் கொஞ்சம் வரலாறு தேவை. கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டில் ஃபினீசியர்கள் அமைத்த துறைமுகம் இது. கிரேக்கர் பனோர்மோஸ் என்றார்கள், எங்கும் துறைமுகம் என்ற பொருளில். 831இல் அரபுப் படைகள் பிடித்தன. 1072இல் பிரான்ஸின் வடபகுதியிலிருந்து வந்த நார்மன்கள் பிடித்தார்கள். பிடித்தவர்கள் முன்பிருந்தவர்களின் கலையை அழிக்காமல் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் இந்த ஊரின் விசேஷம். 1130 கிறிஸ்துமஸ் அன்று முடிசூடிய இரண்டாம் ரோஜர், தன் அரண்மனைக்குள் கட்டிய சிற்றாலயம் இதற்குச் சாட்சி. கப்பெல்லா பலத்தீனா என்று பெயர்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் தங்க மொசைக்கை, அதாவது சிறு துண்டுகளைப் பதித்துச் செய்த சுவர்ச் சித்திரங்களைப் பார்ப்பார்கள். பாருங்கள், ஆனால் அப்புறம் நடுக்கூடத்தின் கூரையை அண்ணாந்து பாருங்கள். மரத்தில் தேன்கூடு போலச் செதுக்கிய அரபுக் கூரை. கையடக்கத் தொலைநோக்கி ஒன்று இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள். ஒவ்வொரு குழிவுக்குள்ளும் ஓவியம்: வீணை போன்ற கருவியை மீட்டுபவர், கிண்ணத்தோடு சம்மணமிட்டவர், சதுரங்கம் ஆடும் இருவர். ஒரு கிறிஸ்தவ அரசரின் ஆலயத்தில், பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு) கலைஞர்களின் மொசைக்குக்கு மேலே, அரபு எழுத்துகளில் வாழ்த்து எழுதியிருக்கிறது. அம்மா கழுத்து வலிக்கும் வரை பார்த்துவிட்டு, "இத்தனை பேரும் ஒரே கூரைக்குக் கீழே வேலை செஞ்சிருக்காங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு வெளிச்சுவரில் ஒரு பதில் இருக்கிறது. சிற்றாலயத்துக்கு வெளியே ஒரு கல்வெட்டைத் தேடிப் பிடியுங்கள். ரோஜர் 1142இல் நீர்க்கடிகாரம் செய்வித்த செய்தி அதில் இலத்தீன், கிரேக்கம், அரபு என்று மூன்று மொழிகளில் ஒன்றன்கீழ் ஒன்றாக வெட்டியிருக்கிறது.

இதே ரோஜரின் அவையில்தான் அல் இத்ரீசி என்ற புவியியலாளர் இருந்தார். 1154இல் அவர் முடித்த உலக நூலில் சரந்தீப் என்ற பெயரில் இலங்கையும் வருகிறது. அவர் வரைபடத்தில் தெற்குதான் மேலே இருக்கும். அரண்மனையின் கோபுரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு: 1801 ஜனவரி 1 இரவு அங்கிருந்த வானாய்வகத்தில் ஜுசெப்பே பியாத்ஸி சீரிஸ் என்ற குறுங்கோளைக் கண்டுபிடித்தார்.

அங்கிருந்து காஸ்ஸரோவில் இறங்கினால் பேராலயம். தெற்கு வாசல் மண்டபத்தில் இடப்பக்கத் தூணைப் பாருங்கள், குர்ஆன் வசனம் வெட்டியிருக்கும். முன்பிருந்த பள்ளிவாசலிலிருந்து வந்த தூண் என்பார்கள். உள்ளே ரோஜரின் கல்லறையும் அவர் பேரன் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் கல்லறையும் இருக்கின்றன. மொட்டை மாடிக்கு ஏறும் டிக்கெட் வாங்குவது நல்லது. ஊரைச் சுற்றி மலைகள் அரைவட்டமாக நிற்பது மேலே ஏறினால்தான் தெரியும்.

மறுபடி நான்கு மணிக்கு மேல் மார்தொரானா தேவாலயம். கடற்படைத் தலைவர் அந்தியோக்கிய ஜார்ஜ் 1140களில் கட்டியது. வாசலுக்குப் பக்கத்தில் கிறிஸ்து ரோஜருக்கு முடிசூட்டும் மொசைக். இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பாருங்கள், ஒரே சாடை. தலைக்கு மேலே ரெக்ஸ் என்ற இலத்தீன் சொல்லைக் கிரேக்க எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். பக்கத்திலேயே மூன்று சிவப்புக் குமிழ்களோடு சான் கதால்தோ. அதன் உள்சுவரில் ஒன்றுமே இல்லை, வெறும் கல். மார்தொரானாவின் தங்கத்துக்குப் பிறகு அந்த வெறுமை கண்ணுக்கு இதம்.

படி 7: சந்தையும் சாப்பாடும்

அரண்மனைக்கும் பேராலயத்துக்கும் பிறகு, மதியச் சாப்பாட்டுக்கு பல்லரோ சந்தைக்கு இறங்குங்கள். மூன்று பழைய சந்தைகளில் இதுதான் இன்னும் ஊர்க்காரர்கள் காய்கறி வாங்கும் சந்தை. வியாபாரிகள் ராகம் போட்டுக் கூவுவதற்கு அப்பன்னியாத்தா என்று தனிப் பெயரே உண்டு. வாள்மீனின் தலையை மூக்கு வானத்தைப் பார்க்கும்படி நிறுத்தி வைத்திருப்பார்கள். கை நீளத்துக்கு வெளிர்ப்பச்சைச் சுரைக்காய், அதன் கொழுந்தைக் கட்டுக்கட்டாகத் தனியே விற்கிறார்கள். பங்களாதேஷ், கானா, இலங்கைக்காரர்களின் கடைகளும் நடுவே கலந்திருக்கின்றன.

சைவம் சாப்பிடுபவர்கள் கவலைப்பட வேண்டாம். பலெர்மோவின் தெரு உணவுகளில் முதலிடம் பனெல்லேக்குத்தான். கொண்டைக்கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, களி கிண்டுவது போல இறுகும் வரை கிண்டி, கொஞ்சம் பார்ஸ்லி தூவி, மெல்லியதாகப் பரப்பி ஆறவிடுகிறார்கள். அப்புறம் துண்டு போட்டு எண்ணெயில் பொரித்து, எள் தூவிய பன்னுக்குள் வைத்து, எலுமிச்சை பிழிந்து கொடுக்கிறார்கள். அம்மா முதல் கடியிலேயே, "இதுக்குக் கொஞ்சம் பெருங்காயம் போட்டிருக்கலாம்" என்றார். ஆனால் இரண்டாவது பன்னையும் கேட்டு வாங்கிக்கொண்டார். கூடவே உருளைக்கிழங்கு உருண்டையான கஸ்ஸிலியும் கிடைக்கும்.

கபோனாத்தா என்ற கத்தரிக்காய்ப் பதார்த்தத்தையும் விடாதீர்கள். வினிகரும் சர்க்கரையும் சேர்ந்த புளிப்பு இனிப்பு. இலங்கையில் கத்தரிக்காய் மோஜு சாப்பிட்டவர்களுக்கு அது உடனே பிடிபடும். ஸ்பிஞ்சோனே என்பது பஞ்சு போன்ற தடித்த ரொட்டியின் மேல் தக்காளி, வெங்காயம், சீஸ். பலவற்றில் நெத்திலி சேர்ப்பார்கள், ஆகையால் சைவர்கள் கேட்டு வாங்க வேண்டும். மீன் இல்லாமல் என்பதற்கு "சென்ஸா பேஷே", இறைச்சி இல்லாமல் என்பதற்கு "சென்ஸா கார்னே".

அசைவர்களுக்குத் துணிவு இருந்தால் மண்ணீரல் வைத்த பன், கரியில் சுட்ட ஆட்டுக்குடல். குடல் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இரண்டாவது சிரமமே இல்லை. அரிசி உருண்டைக்குள் இறைச்சி வைத்துப் பொரித்ததை இங்கே அராஞ்சீனா என்று பெண்பாலில் சொல்ல வேண்டும். தீவின் கிழக்கே கத்தானியாவில் அது அராஞ்சீனோ. இந்தச் சண்டையில் பலெர்மோக்காரர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மேலே சொன்ன எண்ணெய்ப் பண்டங்களைச் சில கடைகள் ஒரே சட்டியில் பொரிக்கும் என்பதைக் கண்டிப்பான சைவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

உணவகத்தில் உட்கார்ந்தால் பில்லில் கோப்பெர்த்தோ என்று தலைக்கு ஒரு சிறு தொகை வரும். அது வழக்கம், ஏமாற்று அல்ல. காபியை நின்றபடி குடித்தால் மலிவு.

கடைக் கதவுகளில் அத்தியோபித்ஸோ என்ற சிறு ஒட்டுப்படத்தைப் பார்த்தால் அங்கே வாங்குங்கள். 2004இல் இளைஞர்கள் சிலர் தொடங்கிய இயக்கம் அது. மாஃபியாவுக்கு மாமூல் கட்ட மறுக்கும் கடைகள் என்று பொருள். நாம் குடிக்கும் ஒரு காபியின் காசு எங்கே போகிறது என்று தெரிந்து குடிப்பதில் எனக்கு நிறைவு இருக்கிறது.

படி 8: மூன்றாம் நாள், மோன்ரியாலேயும் கல்சாவும்

அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கும் இந்திபெந்தென்ஸா சதுக்கத்திலிருந்து பேருந்து பிடித்தால் மலைமேல் மோன்ரியாலே. பேருந்துச் சீட்டை ஏறும் முன்பே புகையிலைக் கடையில் வாங்கி, ஏறியதும் இயந்திரத்தில் பதிய வேண்டும். பதியாத சீட்டு இருந்தும் இல்லாததற்குச் சமம், பரிசோதகர் வந்தால் அபராதம்தான். அன்று எங்கள் பேருந்து ஐம்பது நிமிடம் வரவேயில்லை. அதனால் இந்தப் பயணத்துக்கு முழுக் காலைப் பொழுதையும் ஒதுக்குங்கள், திரும்பியதும் வேறெதற்கும் நேரம் குறித்த முன்பதிவு வைக்காதீர்கள்.

ரோஜரின் பேரனான அரசர் இரண்டாம் வில்லியம் 1170களில் தொடங்கிய பேராலயம். ஆறாயிரம் சதுர மீட்டருக்கு மேல் மொசைக். ஆதாமிலிருந்து அப்போஸ்தலர்கள் வரை சுவர் முழுக்கக் கதை. நோவாவின் பேழையைக் கட்டும் தச்சர்களைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். பக்கத்து முற்றத்தில் இணை இணையாக நிற்கும் 228 தூண்கள், தலைப்புகளில் வேறு வேறு செதுக்கல். முற்றத்துக்குத் தனி டிக்கெட், தயங்காமல் வாங்குங்கள்.

மாலையில் கல்சா. பலாத்ஸோ அபத்தெல்லிஸ் அருங்காட்சியகத்தில் இரண்டே இரண்டைப் பார்த்தால் போதும் என்பேன். ஒன்று, ஒரு சுவர் முழுக்க விரிந்த மரணத்தின் வெற்றி என்ற சுவரோவியம். எலும்புக் குதிரையில் வரும் மரணம் செல்வர்களின் மீது அம்பு எய்கிறது. ஏழைகள் கைகூப்பித் தங்களையும் எடுத்துக்கொள்ளக் கேட்கிறார்கள், மரணம் அவர்களைத் தாண்டிப் போகிறது. மற்றொன்று, மெஸ்ஸினாவின் அந்தொனெல்லோ வரைந்த மரியாள். முழங்கை அளவே இருக்கும் பலகை. நீல முக்காட்டை ஒரு கையால் மூடிப் பிடித்து, மற்றொரு கையைப் பார்ப்பவரை நோக்கி லேசாக உயர்த்தியிருக்கிறாள். இயேசு பிறக்கப்போகும் செய்தியைக் கொண்டுவந்த தேவதூதன் படத்தில் இல்லை. அவன் நிற்க வேண்டிய இடத்தில் நாம் நிற்கிறோம்.

நடக்கும் தூரத்தில் சான் லொரென்ஸோ ஜெபக்கூடம். சுவரெல்லாம் ஜாக்கமோ செர்பொத்தாவின் வெண்சுதைச் சிற்பங்கள், ஓடி விளையாடும் குழந்தைகள். பீடத்துக்கு மேலே இருந்த கரவாஜோவின் ஓவியத்தை 1969 அக்டோபரில் யாரோ சட்டத்திலிருந்து வெட்டித் திருடிப் போனார்கள், இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது இருப்பது நகல். அப்படியே மரீனா சதுக்கத்துக்கு நடங்கள். விழுதுவிட்டு நிற்கும் மிகப் பெரிய மரம் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, நம் ஆலமரத்தின் குடும்பம். அதன் நிழலில் கிடக்கும் பெஞ்சில் அம்மா அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

படி 9: கடைசிக் காலை, ரொசாலியாவின் மலை

ஊரின் வடக்கே 600 மீட்டர் உயரத்தில் பெல்லெக்ரீனோ மலை. 12ஆம் நூற்றாண்டில் அதன் குகையில் தவமிருந்து இறந்தவர் ரொசாலியா. 1624இல் ஊரில் கொள்ளைநோய் பரவியபோது அவருடைய எலும்புகள் குகையில் கிடைத்தன. மறு ஆண்டு அவற்றை ஊர்வலமாக எடுத்து வந்ததும் நோய் நீங்கியது என்பது ஊரின் நம்பிக்கை. கல் பாவிய பழைய பாதையில் நடந்து ஏற ஒன்றரை மணி நேரம் ஆகும், பேருந்திலும் போகலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை போக முடிந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். 1980களிலிருந்து பலெர்மோவில் ஈழத்தமிழர்கள் குடியேறி வாழ்கிறார்கள். வீட்டு வேலை, முதியோர் பராமரிப்பு என்று உழைத்து இரண்டாம் தலைமுறையை வளர்த்துவிட்டார்கள். கத்தோலிக்கர்கள் மட்டுமல்ல, சைவர்களும் இந்த மலைக்கு நேர்ந்துகொண்டு வருகிறார்கள். நாங்கள் ஏறிய அன்று முன்னால் ஒரு குடும்பம் செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தது. அந்த அக்கா திரும்பிப் பார்த்து, அம்மாவின் சேலையைக் கண்டதும், "எங்கயிருந்து வாறீங்கள் அம்மா? மெதுவா ஏறுங்கோ, மேல தண்ணி இருக்கு" என்றார். மேலே குகைக்குள் பாறையிலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்க, கூரை முழுக்க வளைந்த தகரக் குழாய்கள் ஓடுகின்றன. சொட்டுச் சத்தத்துக்கு நடுவே இத்தாலிய மொழியிலும் தமிழிலும் மெல்லிய வேண்டுதல்கள். அம்மா ஒரு மெழுகுவத்தி ஏற்றினார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

குளிக்க ஆசைப்படுபவர்கள் மலையின் மறுபக்கம் மொண்டெல்லோ கடற்கரைக்குப் போகலாம். வெள்ளை மணல், ஆழமில்லாத பச்சைத் தண்ணீர், 1913இல் தண்ணீருக்கு மேல் கட்டிய பழைய குளியல் மாளிகை. கோடை ஞாயிறுகளில் மட்டும் தவிர்த்துவிடுங்கள், கால் வைக்க இடம் இருக்காது.

படி 10: கையில் இருக்க வேண்டியவை

பழைய நகரத்தின் தரை வழவழப்பான கல், மழைக்குப் பின் வழுக்கும். நல்ல பிடிப்புள்ள காலணி போடுங்கள். சந்தைக் கூட்டத்தில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், நகைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மற்றபடி இரவு பத்து மணிக்கும் குழந்தைகளோடு குடும்பங்கள் நடக்கும் ஊர் இது. சில்லறை யூரோ வைத்திருங்கள், தேவாலயங்களிலும் தெருக்கடைகளிலும் தேவைப்படும். அவசர எண் 112. இத்தாலியில் போக்குவரத்து வேலைநிறுத்தங்களை முன்கூட்டியே அறிவிப்பார்கள். "ஷோப்பெரோ" என்ற சொல்லைத் தெரிந்துவைத்து, கிளம்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே விடுதியில் கேட்டுவிடுங்கள்.

விமான நிலையத்துக்குத் திரும்பும் பேருந்தில் இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். காபாச்சி என்ற ஊரைக் கடக்கும்போது நெடுஞ்சாலையின் இரு பக்கமும் சிவப்பு நினைவுத் தூண்கள் வரும். 1992 மே 23 அன்று மாஃபியாவுக்கு எதிராக விசாரணை நடத்திய நீதிபதி ஜொவான்னி ஃபால்கோனேயும் அவர் மனைவி பிரான்செஸ்கா மோர்வில்லோவும் மூன்று காவலர்களும் இங்கே குண்டு வைத்துக் கொல்லப்பட்டார்கள். இரண்டே மாதத்தில் அவர் நண்பர் நீதிபதி பவோலோ போர்செல்லீனோவும் கொல்லப்பட்டார். நீங்கள் விமானம் ஏறப்போகும் நிலையத்துக்கு அந்த இருவர் பெயர்தான். தூண்களுக்கு மேலே மலைச்சரிவில் ஒரு சின்ன வெள்ளை வீடு தெரியும். குண்டை வெடிக்கச் செய்தவர்கள் காத்திருந்தது அங்கேதான். அதன் சுவரில் மாஃபியா வேண்டாம் என்று நீல நிறத்தில் பெரிதாக எழுதியிருக்கிறது. பேருந்து வேகமாகப் போகும், கண்ணை எடுக்காமல் பாருங்கள்.